வெற்று மாதிரி

வாங்கரோகே தீவுக்குக் கப்பல் புறப்படும் நேரத்தை
நிலவுதான் எழுதுகிறது.
இன்று ஏழு நாற்பது. நாளை எட்டரை.
ஓர் இரும்புச் சட்டகம், ஒரு கரண்டி,
தகர மூடி போட்ட ஆறு கண்ணாடிப் போத்தல்கள்,
மஞ்சள் கம்பளிச் சட்டையோடு நான்.
காற்றுக்கு முதுகைக் கொடுத்து
எண்களின் பட்டியலை விரித்தான் ட்யார்க்.

அலை கடைசியாக விட்டுப்போன கறுப்புக் கோட்டில்
எங்கே தோண்டுவது என்று நாங்கள் முடிவெடுக்கக் கூடாது.
கண் போன இடத்துக்குக் கை போனால்
அது அறிவியல் இல்லை.
கணினி உருட்டிய தாயம் சொல்லும்:
நான்கு மீற்றர். பத்தொன்பது. முப்பத்தேழு.

முப்பத்தேழில் ஒரு கோட்டை நின்றது.

நாலு கோபுரம். நண்டு ஓட்டில் வாசல்.
மதில் முழுக்கப் பச்சையும் வெள்ளையுமாகப்
பயறளவு மணிகள், ஒவ்வொன்றும் ஒரு சன்னல்.
கட்டியவளுக்கு ஆறு வயதிருக்கும், பெயர் ரீக்கெ.
"டிராகன் முட்டை" என்றாள்.
எந்தத் துறைமுகத்திலோ மூட்டை கிழிந்து
வாளியாகப் பிறக்கும் முன்பே கடலில் விழுந்தவை.
அவள் கையிலிருந்த வாளி பிறந்துவிட்டது,
அவ்வளவுதான் வித்தியாசம்.

கூடை நாற்காலியிலிருந்து அப்பா எழுந்து வந்தார்.
ஒரு மீற்றர் தள்ளி எடுத்தால் கடல் கோபிக்குமா?
கடல் கோபிக்காது. அட்டவணை கோபிக்கும்.
இதைச் சொல்லும்போது மட்டும்
என் ஜெர்மன் பிழையில்லாமல் வந்தது.
ரீக்கெ நீதிபதி மாதிரி யோசித்தாள்.
"சரி. ஆனா திருப்பித் தர வேணும்."

தருகிறேன் என்றேன்.
பீலஃபெல்ட் முகவரியை அப்பா
என் குறிப்பேட்டிலேயே எழுதிக் கொடுத்தார்.
சட்டகத்தை வைத்தேன்.
மேல் இரண்டு விரல் ஆழம், ஒரு கோபுரம், அரை வாசல்.

ஆய்வுகூடத்தில் கடலைவிடக் கடுமையான உப்புநீர்.
மணலைக் கொட்டிக் கலக்கிவிட்டுக் காத்திருந்தால்
கல் அடியில், கள்ளம் மேலே.
அரிக்கன் சட்டியில் அரிசி அரிப்பதும் இதுவே.
அங்கே நீரோடு வருவதைச் சமைப்போம்.
இங்கே வடித்துக் காயவைத்து எண்ணுவோம்:

மணிகள் நாற்பத்தொன்று.
கயிற்றுத் துணுக்கு ஆறு, நீலமும் செம்மஞ்சளும்.
நுரைத்துகள் பதினொன்று.
பல்துலக்கும் தூரிகையின் ஒரு மயிர்.
நகப்பூச்சா படகின் பூச்சா தெரியாத ஒரு சிவப்புச் செதில்.
இழைகள் இருபத்தாறு.
'மூலம்' என்ற கட்டத்தில் எல்லாவற்றுக்கும்
ஒரே சொல்லை எழுதிக்கொண்டு போகிறேன்:
தெரியவில்லை.

ஒவ்வொரு தொகுதியோடும் ஒரு வெற்று மாதிரி.
மணல் இல்லை, கடல் இல்லை, வடித்த நீர் மட்டும்.
அதே மேசையில் அதே நேரம் திறந்து மூடுவோம்.
அதில் ஒன்றும் இருக்கக் கூடாது.

மூன்று இழைகள் இருந்தன.
மஞ்சள்.

ட்யார்க் ஒன்றும் சொல்லவில்லை.
வெள்ளை மேலங்கியின் கைவிளிம்பில்
என் சட்டை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.
கம்பளி என்று பெயர். எழுபது வீதம் அக்ரிலிக்,
மலிவு விற்பனையில் பத்தொன்பது யூரோ.

விதி எளிது.
வெற்றில் இருப்பதை மாதிரியில் கழி.
இருபத்தாறில் மூன்று போக இருபத்து மூன்று.
என்னைக் கழித்தபின் மிஞ்சுவதே கடல்
என்கிறது அறிக்கை.
திங்கள்தோறும் இரண்டாம் மாடியிலிருந்து
என் சலவை மிசின் கீழே அனுப்பும் தண்ணீரை
எந்த வரிசையில் கழிப்பது?
மிஞ்சிய இருபத்து மூன்றிலும் ஒரு மஞ்சள் கிடந்தது,
வெயிலும் உப்பும் தின்று வெளிறி.
அதைக் கடல் என்றே எழுதினேன்.

ரீக்கெயின் கோட்டை இப்போது
ஒன்றரைக் கிலோ, காய்ந்து, என் மேசையில்.
உப்புப் போக மூன்று தரம் கழுவியாயிற்று.
மணிகள் சாட்சிக்கு வேண்டும், தர முடியாது.
சன்னல் இல்லாமல்தான் போகும்.
தபாலில் கண்ணாடி உடையும்.
காகித உறை கிழியும்.
அலுமாரியில் இருக்கிறது
பல் வைத்து மூடும் பிளாஸ்டிக் பை,
ஒரு மணியும் சிந்தாது, எந்தக் காலத்திலும்.

ஐந்து நாளாகிறது.
பருத்திச் சட்டை போட்டுக்கொண்டு
அதன் எதிரே உட்கார்ந்திருக்கிறேன்.